பழைய சாமான்களின் கால்கள்: உங்கள் மனதில் நிற்பது எது?

நுவரெலியாக்காரன்:
பழைய தோட்டத்துத் துரை பங்களா ஒன்றில் சாமான் ஏலம். எல்லாரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நிற்க, எனக்குக் கண்ணில் பட்டது மூலையில் கிடந்த ஒரு தனிக் கதிரை. முன்கால் இரண்டிலும் பந்தைக் கவ்விய நகம். குனிந்து தடவிப் பார்த்தேன். விரல் மூட்டெல்லாம் புடைத்து நின்றது, நகம் பந்தில் பதியும் இடத்தில் உளித்தடம் கைக்குத் தட்டுப்பட்டது. பின்னால் நின்றவர், "கால் உயரம், அறுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு ஆகும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்னும் மனது ஆறவில்லை. அறுத்திருப்பாரா?

பதுளை ஆசாரி மகன்:
அப்பாவிடம் ஓர் அலுமாரி வந்தது. ஒல்லாந்தர் காலத்தது, கால்கூட மாறவில்லை என்றார் கொண்டுவந்தவர். மூலைக்கு மூலை பலகைக் கால். அப்பா அதைச் சாய்த்துப் போட்டு டார்ச் அடித்தார். அடிப்பலகையில் நான்கு வட்டத் துளைகள், ஒன்றில் முறிந்த மர முளை இறுகிக் கிடந்தது. முளை வைத்துப் பொருத்துவது உருண்டைக் காலைத்தான். அது போனபின் யாரோ பலகைக் கால் அடித்திருக்கிறார்கள். அப்பா பேசவில்லை, முளையைத் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான்.

ஹட்டன் வாசி:
நுவரெலியா அண்ணே, நகக்கால் என்றதும் மிகப் பழசு என்று நினைக்க வேண்டாம். அது இங்கிலாந்தில் பரவியது 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில். கண்டி வெள்ளைக்காரரிடம் விழுந்தது 1815இல், கோப்பித் தோட்டமே அதற்குப் பிறகுதான், தேயிலை 1867இல். அதனால் தோட்டத்துப் பங்களாக்களில் இருப்பவை பெரும்பாலும் பழைய பாணியைப் பார்த்துப் பின்னால் செய்தவை.

எங்கள் அம்மாயி வீட்டு அலுமாரி, எறும்புக்காகத் தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றே கால் உளுத்துப் போனது. அதனால் சொல்கிறேன்: காலின் அடிமுகம்தான் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர் மழைக்குச் சொல்லவே வேண்டாம். சீமெந்துத் தரையில் நேரே வைக்காதீர்கள், அடியில் சின்னக் கட்டை கொடுங்கள். தரை கழுவும்போது தூக்கி வையுங்கள், இழுத்தால் முளை முறியும். வருடா வருடம் வானிஷ் அடிக்காதீர்கள், மெழுகு போதும்.

நுவரெலியாக்காரன்:
வயதைப் பற்றி நான் எங்கே சொன்னேன் தம்பி? போன வருடம் செதுக்கியிருந்தாலும் அந்தக் கைவேலையை அறுக்கலாமா?

பதுளை ஆசாரி மகன்:
அறுக்கவே கூடாது. நகமும் காலும் ஒரே மரம், திருப்பி ஒட்டினாலும் சேராது. மெழுகும் அளவோடு, செதுக்கிய இடுக்கில் அப்பினால் தூசி ஏறிக் கறுத்துவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ் எடுத்துக் காய்ந்தபடியே தேயுங்கள்.