அமொஸ் அலோன்சோ ஸ்டாக்: இரு விளையாட்டுகளிலும் அவர் நிலைபெற்றது எவ்வாறு?

கேள்வி (வெள்ளவத்தை வாசகர்)
கொழும்பிலுள்ள ஒரு பாடசாலையில் கூடைப்பந்தாட்டப் பொறுப்பாசிரியராக இருக்கிறேன். இங்கு பயிற்றுநரைப் பெரும்பாலும் ஒரு பருவத்துக்கே அமர்த்துகிறோம். அணி தோற்றால் அடுத்த ஆண்டு வேறொருவர் வந்துவிடுகிறார். அமெரிக்க உதைபந்தாட்டத்தின் (பந்தைக் கையில் ஏந்தியும் ஓடும் விளையாட்டு) ஆரம்பகாலப் பயிற்றுநரான ஸ்டாக் மட்டும் 1892 முதல் 1932 வரை சிக்காகோ பல்கலைக்கழகத்திலேயே பணியாற்றி, கூடைப்பந்தாட்ட வரலாற்றிலும் இடம்பிடித்தது எவ்வாறு? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி (கொட்டாஞ்சேனை உடற்கல்வி ஆசிரியர்)
ஐயா, விடை அவருடைய நியமனத்திலேயே இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கற்பித்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானதும், அவரை உடற்கல்வித் துறைக்குப் பொறுப்பான நிரந்தர இணைப் பேராசிரியராகவே நியமித்தார். ஆகவே ஒரு பருவத்தின் தோல்வி அவருடைய வேலையைப் பறிக்கவில்லை. முதலாம் ஆண்டில் ஆள் போதாமல் அவரே களமிறங்கி விளையாட வேண்டியிருந்தது. அவ்வாறு தொடங்கிய அணிதான், 1901 முதல் தோல்வியே காணாதிருந்த மிச்சிகன் பல்கலைக்கழக அணியை 1905இல் 2–0 என வென்றது. எதிரணி வீரரை அவர்களுடைய எல்லைக்கோட்டுக்குப் பின்னால் மடக்கி விழுத்தியதால் கிடைத்த இரண்டு புள்ளிகள் மட்டுமே அவை. இத்தகைய அணியை ஒரே பருவத்தில் எவராலும் உருவாக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

மறுமொழி (பம்பலப்பிட்டி பழைய மாணவர்)
கூடைப்பந்தாட்டத்தைப் பொறுத்தவரை, அவரைப் பயிற்றுநர் என்பதைவிட அதைப் பரப்பியவர் என்றே மதிக்க வேண்டும். சிக்காகோவுக்கு வருமுன் ஸ்டாக் கற்பித்த ஸ்பிரிங்ஃபீல்ட் வை.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அவருடைய சக ஆசிரியர்; ஸ்டாக்கின் உதைபந்தாட்ட அணியிலும் விளையாடியவர். 1891 டிசம்பரில் உடற்பயிற்சிக் கூடத்து மாடத்தின் கைப்பிடியில், பத்தடி உயரத்தில், பீச் பழக்கூடைகளை அடித்து நெய்ஸ்மித் இவ்விளையாட்டைத் தொடங்கினார். அடுத்த மார்ச்சில் பார்வையாளர் முன்னிலையில் நடந்த முதற் போட்டியில் மாணவர்கள் ஆசிரியர்களை 5–1 என வென்றபோது, ஆசிரியர்களின் அந்த ஒரே புள்ளியைப் பெற்றவர் ஸ்டாக். 1896இல் அயோவாவில் அணிக்கு ஐவராக ஆடிய போட்டியில் சிக்காகோ 15–12 என வென்றதும், 1917 முதல் பாடசாலை அணிகளுக்கான தேசியச் சுற்றுப்போட்டியைச் சிக்காகோவில் நடத்தியதும் அவருடைய முயற்சியின் பலன்களே. 1959இல் கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தது மிகவும் பொருத்தமானது.

மறுமொழி (தெஹிவளை வாசகி)
நிரந்தர நியமனம் பற்றிக் கூறியதை ஏற்கிறேன். ஆனால் நிருவாகம் விளையாட்டை விரும்பும்வரைதான் அதற்குப் பலம் உண்டு. எழுபது வயதானதும் ஓய்வுபெறும் விதியைக் காட்டி அதே பல்கலைக்கழகம் அவரைப் பயிற்றுநர் பொறுப்பிலிருந்து விலக்கியது. 1939இல் உதைபந்தாட்ட அணியையே கலைத்துவிட்டது. அவரோ கலிபோர்னியாவின் பசுபிக் கல்லூரிக்குச் சென்று, 1943இல், 81ஆவது வயதில், அவ்வாண்டின் சிறந்த பயிற்றுநராகத் தெரிவானார்.

கேள்வி கேட்டவர்
மூவருக்கும் நன்றி. பயிற்றுநரைக் குறைந்தது மூன்றாண்டுகளுக்கு, உடற்கல்விப் பிரிவின் பொறுப்போடு சேர்த்து நியமிக்குமாறு பழைய மாணவர் சங்கத்திடம் எழுத்தில் கேட்கவுள்ளேன். கொழும்பில் எந்தப் பாடசாலையாவது ஏற்கனவே அவ்வாறு செய்கிறதா?