பெரிய சூப்பர் மார்க்கெட் பங்குகள்: பாதுகாப்பு என்றால் எந்த விலைக்கும் வாங்கலாமா?

காளைக்காரன்:
நீண்டகாலத்துக்கு எந்தப் பங்கை வாங்கலாம் என்று இங்கே அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். உடனே சிப், ஏஐ, மின்சார வண்டி என்று பட்டியல் ஓடுகிறது. எனக்கு அதெல்லாம் வேண்டாம். பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனம் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்கிறேன். அமெரிக்காவின் வால்மார்ட், காஸ்ட்கோ, குரோகர், பிரிட்டனின் டெஸ்கோ மாதிரி. பொருளாதாரம் படுத்தாலும் ஆட்கள் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். கார் வாங்குவதைத் தள்ளிப்போடலாம், பாலையும் சோப்பையும் தள்ளிப்போட முடியாது. 2008இல் சந்தையே சரிந்தபோது வால்மார்ட் அந்த வருடத்தை ஏற்றத்தில் முடித்தது. இப்படிப்பட்ட பங்குக்கு பி/இ (விலை ஒரு வருட லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் என்ன? தரத்துக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

தராசு:
இருக்கிறது. வியாபாரம் பத்திரமானது, சரி. அதனால் பங்கும் பத்திரமானது என்று எப்படி முடிவு கட்டினீர்கள்?

நீங்கள் சொன்ன வால்மார்ட்டையே எடுப்போம். 1999 கடைசியில் அதன் விலை ஒரு வருட லாபத்தைப் போல ஐம்பது மடங்குக்கு மேல் இருந்தது. அதற்குப் பிறகு நிறுவனம் ஒன்றும் சொதப்பவில்லை. 2000 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் விற்பனை சுமார் 16,500 கோடி டாலர், 2012 ஜனவரியில் முடிந்த ஆண்டில் 44,000 கோடிக்கு மேல். லாபமும் மூன்று மடங்கை நெருங்கியது. பங்கு விலை மட்டும் 1999 உச்சத்தைத் தாண்ட 2012 வரை ஆனது. லாபம் ஏற ஏற பி/இ பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு இறங்கிக்கொண்டே வந்ததுதான் காரணம். கடைக்குள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, அண்ணே. வாங்கின விலைதான் தப்பு.

காளைக்காரன்:
உச்சத்தில் ஒரு புள்ளியைப் பிடித்து அங்கிருந்து அளந்தால் எந்தப் பங்கும் மோசமாகத்தான் தெரியும். 1999 டிசம்பர், இணைய நிறுவனப் பங்குகளின் மேல் இருந்த டாட்காம் வெறி உச்சத்தை நெருங்கிய நேரம். அந்தப் பன்னிரண்டு வருடமும் டிவிடெண்ட் (லாபப் பங்கு) வந்தது, ஒவ்வொரு வருடமும் கூடியது. அதை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை? 2012க்குப் பிறகு விலை எவ்வளவு ஏறியது என்பதையும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

தராசு:
டிவிடெண்டைச் சேர்த்தாலும் வருடத்துக்கு ஒன்றரை, இரண்டு சதவீதம்தான் கூடும். விலைவாசி அதைத் தின்றுவிடும். 2012க்குப் பிறகு நன்றாக ஏறியது உண்மை. அப்போது பி/இ பதினைந்து பக்கம் இருந்தது என்பதைத்தான் நானும் சொல்ல வருகிறேன்.

அரைக்கிலோ:
ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்றீங்க, ஒருத்தர் சிரிச்சுக்கிட்டு, ஒருத்தர் முறைச்சுக்கிட்டு.

கணக்கன்:
அப்படி இல்லை, அரைக்கிலோ. பி/இ பேச்சுக்கு முன்னாலேயே காளைக்காரன் ஒன்றை விட்டுவிட்டார். இந்தத் தொழிலில் நூறு ரூபாய் விற்றால் கையில் நிற்பது ஒன்றிலிருந்து மூன்று ரூபாய்தான். நிகர லாபம் இரண்டரை என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு முன் அது மூன்றேகால் சொச்சம். பக்கத்தில் மலிவுக்கடை ஒன்று வந்து, அதைச் சமாளிக்க விலையைச் சராசரியாக ஒரு சதவீதம் குறைத்தால் வரிக்கு முந்தைய லாபம் ஏறத்தாழ முப்பது சதவீதம் போய்விடும். வாடிக்கையாளர் ஒருவர்கூடப் போகவில்லை, கடையில் கூட்டம் குறையவில்லை, ஆனாலும் முப்பது சதவீதம் போச்சு. ‘மக்கள் சாப்பிடுவதை நிறுத்த மாட்டார்கள்’ என்ற வாதம் இதற்கு எந்தப் பாதுகாப்பும் தராது. சாப்பிடுவார்கள், எங்கே வாங்குவார்கள் என்பதுதான் தெரியாது. ஏ அண்ட் பி என்ற அமெரிக்க நிறுவனம் 1930 வாக்கில் சுமார் 16,000 கடை வைத்திருந்தது. அன்றைக்கு அதைவிடப் பெரிய சில்லறை வணிகம் உலகத்தில் இல்லை. 2010இல் ஒருமுறை, 2015இல் மறுபடியும் திவால் மனு போட்டு மூடப்பட்டது. இடையில் அமெரிக்கர்கள் பட்டினி கிடக்கவில்லை.

காளைக்காரன்:
மார்ஜின், அதாவது விற்பனையில் லாபமாக நிற்கும் பங்கு, குறைவு என்பதை ஒரு நோய் மாதிரி சொல்லாதீர்கள். ஒரு ரூபாய் முதல் வருடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும். நூறு ரூபாய் விற்பனைக்கு இருபது ரூபாய் முதல் போதும் என்றால், இரண்டரை ரூபாய் லாபம் பன்னிரண்டரை சதவீத வருமானம். மார்ஜின் இருபது சதவீதம் காட்டும் எத்தனையோ தொழிற்சாலைகளால் அதைத் தர முடியாது. சரக்கை விற்றுக் காசு வாங்கிய பிறகுதான் சப்ளையருக்குப் பணம் போகிறது. அடுத்தவன் பணத்தில் கடை நடக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

கணக்கன்:
முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன், நல்ல கடைகளின் பலம் அந்தச் சுழற்சிதான். இரண்டாவது பாதியில் ஒரு பொறி இருக்கிறது. சப்ளையர் கடனில் ஓடும் பணம், விற்பனை வளரும்வரைதான் உங்கள் பக்கம் நிற்கும். ஒவ்வொரு மாதமும் புதுக்கடன் பழைய கடனைவிடப் பெரியதாக இருப்பதால் பணப்பாய்வு லாபத்தைவிட அழகாகத் தெரியும். விற்பனை சுருங்கத் தொடங்கினால் அதே சக்கரம் தலைகீழாகச் சுற்றும். போன மாதத்துப் பெரிய பில்லை இந்த மாதத்துச் சின்ன வசூலிலிருந்து கட்ட வேண்டும். பணம் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் பணம் வெளியே ஓடும். அதனால் நான் பணப்பாய்வைப் பார்க்கும்போது சப்ளையர் கடன் கூடியதால் வந்ததைத் தனியே கழித்துவிட்டுத்தான் பார்ப்பேன்.

குத்தகையும் அப்படித்தான். கடை சொந்தக் கட்டடமா, வாடகையா? 2019 முதல் ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற சர்வதேசக் கணக்கு விதிப்படி கணக்கு எழுதும் ஐரோப்பிய நிறுவனங்களில் வாடகை என்ற செலவு எபிட்டாவுக்கு (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபம்) மேலே பெரும்பாலும் காணாமல் போய்விடும். தேய்மானமாகவும் வட்டியாகவும் கீழே இறங்கிவிடும். அமெரிக்கக் கணக்கில் குத்தகைக் கடன் இருப்புநிலைக் குறிப்பில் வந்தாலும் சாதாரணக் கடை வாடகை இயக்கச் செலவாகவே நிற்கும். ஆகவே டெஸ்கோவின் எபிட்டா மடங்கையும் குரோகரின் எபிட்டா மடங்கையும் பக்கத்தில் வைத்து ‘இது மலிவு’ என்று யாராவது அட்டவணை போட்டால் நம்பாதீர்கள். இந்த இணையத்தில் அந்த அட்டவணைகள் நிறைய சுற்றுகின்றன.

பிரான்சின் கஸினோ என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தைப் பாருங்கள். 1898இல் தொடங்கியது. கடை கடையாக விற்று, கட்டடங்களை விற்றுவிட்டு அவற்றிலேயே வாடகைக்கு உட்கார்ந்து, மேலே தாய் நிறுவனத்தின் கடனையும் சுமந்து கொண்டிருந்தது. 2024 மார்ச்சில் கடன் சீரமைப்பு முடிந்து நிர்வாகம் கைமாறியபோது பழைய பங்குதாரர்களிடம் மிஞ்சியது ஏறத்தாழ ஒன்றுமில்லை. அதுவும் சாப்பாட்டுச் சாமான் விற்கும் கடைதான்.

பின்வாசல்:
நான் வாசிப்பதோடு நிறுத்திக்கொள்கிறவன், ஆனால் சப்ளையர் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். பொட்டலப் பொருள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் பெரிய கடைகளின் கணக்கைப் பார்த்தவன் நான். நீங்கள் பார்க்கும் மார்ஜினில் ஒரு பகுதி வாடிக்கையாளரிடமிருந்து வருவதே இல்லை, எங்களிடமிருந்து வருகிறது. கண்ணில் படும் தட்டில் பொருளை வைக்க ஒரு தொகை, ஆஃபர் போட்டால் அதில் எங்கள் பங்கு, வருட இலக்கைத் தாண்டினால் திரும்பக் கொடுக்கும் கழிவு. இந்தக் கழிவு எப்போது ‘சம்பாதிக்கப்பட்டது’ என்பதை முடிவு செய்வது மனிதர்கள்தான். காலாண்டு முடியும் வாரத்தில் வரும் போன்களைக் கேட்டால் உங்களுக்குப் புரியும்.

டெஸ்கோவில் 2014 செப்டம்பரில் வெடித்தது இதுதான். அரையாண்டு லாபத்தைச் சுமார் 25 கோடி பவுண்டு கூட்டிக் காட்டியிருந்தார்கள். சப்ளையர்களிடமிருந்து வரவேண்டிய தொகையை முன்கூட்டியே வரவு வைத்ததும், செலவைத் தள்ளி எழுதியதும் காரணம். அதற்கு அடுத்த ஏப்ரலில் அந்த நிதியாண்டின் வரிக்கு முந்தைய நட்டம் ஏறத்தாழ 640 கோடி பவுண்டு என்று அறிவித்தார்கள். பெரும்பகுதி கடைக் கட்டடங்களின் மதிப்பைக் குறைத்து எழுதியது. பெரிய முதலீட்டாளர் வாரன் பஃபெட்டே டெஸ்கோ பங்கை வைத்திருந்து அதில் மாட்டினார். வரி போக 44.4 கோடி டாலர் நட்டம் என்று தன் நிறுவனமான பெர்க்‌ஷயரின் 2014 கடிதத்தில் எழுதியிருக்கிறார், விற்பதில் மெத்தனமாக இருந்ததையும் சேர்த்து.

காளைக்காரன்:
டெஸ்கோ பழைய கதை. கணக்கில் கை வைத்தவர்களை வைத்து மொத்தத் தொழிலையும் எடைபோடுவது நியாயமில்லை.

பின்வாசல்:
கணக்கில் கை வைத்ததை நான் நோய் என்று சொல்லவில்லை, அறிகுறி என்கிறேன். அதற்கு முன்பே ஜெர்மன் மலிவுக்கடைகளான ஆல்டியும் லிடிலும் கீழிருந்து ஆட்களை இழுத்துக்கொண்டிருந்தன, டெஸ்கோவின் பழைய கடைகளில் விற்பனை வழுக்கிக்கொண்டிருந்தது. மார்ஜினை மட்டும் அப்படியே காப்பாற்ற வேண்டும் என்று மேலே நெருக்கினால் கீழே உள்ளவர்கள் எங்கேயாவது போய் அதைக் கொண்டுவரத்தான் செய்வார்கள். போட்டி கூடும்போது மார்ஜின் அசையாமல் நின்றால் எனக்கு நல்ல சேதியாகப் படாது.

காளைக்காரன்:
சரி, காஸ்ட்கோவுக்கு வருகிறேன். இங்கே உங்கள் வாதம் எதுவும் ஒட்டாது. பொருளின் மேல் வைக்கும் லாபத்தை 14, 15 சதவீதத்துக்கு மேல் போகவிடுவதில்லை. சாதாரண சூப்பர் மார்க்கெட் முப்பதாயிரம் வகைப் பொருள் வைத்தால் இவர்கள் நாலாயிரத்துக்கும் குறைவுதான். சம்பாதிப்பது உறுப்பினர் கட்டணத்தில். 2023 நிதியாண்டில் கட்டணமாக வந்தது சுமார் 458 கோடி டாலர், மொத்த இயக்க லாபம் 811 கோடி. பாதிக்கு மேல்! அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தில் ஒன்பது பேர் புதுப்பிக்கிறார்கள். 2024 செப்டம்பரில் கட்டணத்தை 60 டாலரிலிருந்து 65 ஆக்கினார்கள், கூட்டம் குறைந்ததா? விலைப்போர் வந்தால் இந்தக் கடை அடுத்தவனை அடிக்கும், அடி வாங்காது.

தராசு:
ஒத்துக்கொள்கிறேன். இந்தத் தொழிலிலேயே நான் பார்த்த சிறந்த அமைப்பு அதுதான். இப்போது விலையைப் பேசுவோமா? 2024இல் பி/இ ஐம்பதைத் தொட்டது. கொஞ்சம் கூடுதல் என்றீர்களே, அதுவா இது?

ஒரு கணக்கு. லாபம் வருடம் பத்து சதவீதம் வீதம் பத்து வருடம் தடையில்லாமல் வளர்கிறது. ஏறத்தாழ 900 கிடங்குக் கடைகள், வருடத்துக்கு இருபத்தைந்து, முப்பது புதிதாகத் திறக்கும் நிறுவனத்துக்கு இது தாராளமான அனுமானம். லாபம் 2.6 மடங்காகும். பத்தாம் வருடம் பி/இ இருபத்தைந்து என்றால் விலை 1.3 மடங்குதான். வருடத்துக்கு இரண்டரை சதவீதம் சொச்சம். நிர்வாகம் ஒரு தவறும் செய்யாமல், போட்டியாளர் ஒருவரும் புத்திசாலியாக இல்லாமல், இவ்வளவுதான்.

காளைக்காரன்:
இருபத்தைந்துக்கு ஏன் இறங்க வேண்டும்? ‘விலை கூடிப்போச்சு’ என்று காஸ்ட்கோவைப் பல வருடமாக ஒதுக்கியவர்கள் இன்னும் ஒதுங்கித்தான் நிற்கிறார்கள். உங்கள் கணக்கில் கடைசி வரி ஒரு யூகம், அதைத் தூக்கிவிட்டால் மிச்சம் என் பக்கம்.

தராசு:
ஐம்பதிலேயே நிற்கும் என்பதும் யூகம்தான். ஆனால் என் யூகம் தப்பினால் எனக்கு லாபம் கொஞ்சம் தவறும், உங்கள் யூகம் தப்பினால் பத்து வருடம் தவறும்.

அரைக்கிலோ:
ஆன்லைன் வந்து எல்லாத்தையும் சாப்பிட்டுடும்னு யாருமே சொல்லலையே? 2017ல அமேசான் ஹோல் ஃபுட்ஸ் சூப்பர் மார்க்கெட்டை 1,370 கோடி டாலருக்கு வாங்கறோம்னு சொன்ன அன்னிக்கு குரோகர் விழுந்து உருண்டது ஞாபகம் இருக்கு.

கணக்கன்:
அந்தக் கதை பாதிதான். அமேசான் அறிவித்தது ஜூன் 16, அன்று குரோகர் சுமார் ஒன்பது சதவீதம் விழுந்தது. ஆனால் முந்தின நாளே ஏறத்தாழ பத்தொன்பது சதவீதம் விழுந்திருந்தது, வருட லாப மதிப்பீட்டைக் குரோகரே குறைத்ததால். அமேசானை யாரும் நினைத்துக்கூடப் பார்க்காத நாள் அது. பெரிய அடி சொந்த மார்ஜினிலிருந்து வந்தது, தலைப்புச் செய்தி மட்டும் அமேசானுக்குப் போனது. குரோகர் பங்கை அப்போது இருபத்திரண்டு டாலர் பக்கத்தில் வாங்கியவர்கள் ஐந்து வருடத்துக்குள் இரண்டு மடங்குக்கு மேல் பார்த்தார்கள். ஆன்லைன் செலவு உண்மையான தலைவலிதான். வாடிக்கையாளர் இலவசமாகச் செய்த வேலையை, தட்டிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவதை, இப்போது சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டும். இரண்டரை ரூபாய் லாபத்தில் அதற்கு எங்கே இடம்? ஆனால் கடை ஏற்கெனவே வீடுகளுக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு அந்தச் செலவு குறைவு.

காளைக்காரன்:
ஆக, எல்லாரும் பயந்த நாளில் சாதாரணக் கடையை வாங்கியவன், எல்லாரும் கொண்டாடிய நாளில் நல்ல கடையை வாங்கியவனைவிடச் சம்பாதித்தான் என்கிறீர்கள். அந்த இரண்டு உதாரணத்துக்கு அது சரி. ஆனால் அந்த நாளில் பயம் நியாயமா இல்லையா என்று கஸினோவில் எப்படித் தெரிந்திருக்கும்? மலிவு என்று அதை வாங்கியவர்களும் உங்கள் மாதிரிதான் பேசியிருப்பார்கள். நான் காஸ்ட்கோவை விற்கப் போவதில்லை. இந்த விலையில் கூட்டப் போவதும் இல்லை, அவ்வளவு விட்டுக்கொடுக்கிறேன்.

தராசு:
கஸினோ கேள்விக்கு என் பதில் கடன்தான். கடன் இல்லாத மலிவும் கடனில் மூழ்கிய மலிவும் வேறு. அதற்கு மேல் உறுதியாக ஒன்றும் சொல்ல மாட்டேன்.

புதுவரவு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பழைய கடைகளின் விற்பனை வளர்ச்சி (புதிதாகத் திறந்த கடைகளைச் சேர்க்காமல்) என்று சொல்கிறார்களே, ஒரு நிறுவனம் ஐந்து சதவீதம் வளர்ச்சி என்று அறிவித்தால் அது நல்லதா, கெட்டதா என்று எதை வைத்துச் சொல்வது?

கணக்கன்:
மூன்றாகப் பிரியுங்கள். முதலில் பெட்ரோல் பங்க் வைத்திருந்தால் எரிபொருள் நீங்கலான எண்ணை எடுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் விலை ஏறியதெல்லாம் வளர்ச்சியாகத் தெரியும். அடுத்து அந்தக் காலத்தில் உணவு விலைவாசி எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். உணவு விலை எட்டு சதவீதம் ஏறிய வருடத்தில் ஐந்து சதவீத வளர்ச்சி என்றால் கடையிலிருந்து போன சரக்கு குறைந்திருக்கிறது. 2022, 2023இல் நிறைய அறிக்கைகளை இப்படிப் படிக்க வேண்டியிருந்தது. கடைசியாக, வந்த ஆட்களின் எண்ணிக்கை கூடியதா, ஒரு பில்லின் தொகை கூடியதா என்று பிரித்துச் சொல்கிறார்களா பாருங்கள். வால்மார்ட்டும் காஸ்ட்கோவும் சொல்கின்றன. ஆட்கள் கூடினால் நல்லது. நன்றாக இருந்த காலாண்டில் அந்தப் பிரிப்பைக் கொடுத்துவிட்டு மோசமான காலாண்டில் மறந்துவிடும் நிறுவனமாக இருந்தால், மற்ற எண்களையும் சந்தேகத்தோடு படியுங்கள்.