க்ளோஸ்-ஆன்-எக்ஸெக்: ‘மரபுத்தடை’யா, ‘நிரல்மாற்ற மூடல்’ஆ?

அனைவருக்கும் வணக்கம்.

க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் (close-on-exec) கொடிக்குத் தமிழ்ச் சொல்லாக ‘மரபுத்தடை’, அதாவது தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகாமல் தடுப்பது, என்ற பரிந்துரையைப் பார்த்தேன். சொல் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கொடி செய்யும் வேலை அது இல்லை. பிள்ளைச் செயல்முறையை உருவாக்கும் ஃபோர்க்கை (fork) அழைத்ததும், தாய்ச் செயல்முறையின் கோப்பு விவரிப்பிகள் (திறந்திருக்கும் கோப்பு, சாக்கெட் போன்றவற்றைக் குறிக்கும் எண்கள்) எல்லாமே பிள்ளைக்கு நகலாகப் போய்விடும்; கொடி போட்டிருந்தாலும் போகும், கொடியும் கூடவே போகும். பிறகு எக்ஸெக் (exec) அழைத்து, செயல்முறை பழைய நிரலை உதறிவிட்டுப் புதியதை ஏற்றிக்கொள்ளும்போதுதான் கொடி உள்ளவற்றைக் கர்னல் மூடுகிறது. ஃபோர்க்கே செய்யாமல் நேராக எக்ஸெக் அழைத்தாலும் மூடும். அங்கே பிள்ளையே கிடையாது, செயல்முறை எண்கூட மாறுவதில்லை, அப்புறம் மரபு எங்கிருந்து வந்தது?

அதனால் என் பரிந்துரை ‘நிரல்மாற்ற மூடல்’. எப்போது, என்ன என்ற இரண்டையும் சொல்லிவிடுகிறது.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை எங்கள் சர்வரை நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினால், முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று, சாக்கெட்டுக்கு முகவரி ஒதுக்கும் பைண்ட் (bind) அழைப்பு மறுத்துவிட்டது. பழைய சர்வர் செத்துப்போய்விட்டது, ஓடும் செயல்முறைகளைக் காட்டும் பிஎஸ் (ps) பட்டியலிலும் இல்லை. யார் எதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டும் எல்எஸ்ஓஎஃப் (lsof) போட்டுப் பார்த்தால் 8080 போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட்! சர்வர் எப்போதோ பின்னணியில் ஓடவிட்டது, சர்வர் இணைப்புகளுக்காகக் காத்திருந்த லிசன் சாக்கெட் அதனிடம் 4ஆம் எண்ணில் திறந்தே கிடந்தது. சாக்கெட் உருவாக்கும் வரியிலேயே இந்தக் கொடியைப் போடும் சாக்_க்ளோஎக்ஸெக் (SOCK_CLOEXEC) சேர்த்ததும் சரியாகிவிட்டது.

உருவாக்கும்போதே போடுவது முக்கியம் என்பதையும் சொல்லின் விளக்கக் குறிப்பில் எழுத வேண்டும். முதலில் கோப்பைத் திறக்கும் ஓப்பன் (open), அடுத்த வரியில் கொடியைப் போடும் எஃப்சிஎன்டிஎல் (fcntl) என்று எழுதினால், இடைப்பட்ட நேரத்தில் வேறொரு இழை ஃபோர்க்கும் எக்ஸெக்கும் செய்துவிடலாம், விவரிப்பி கசிந்துவிடும். அதற்காகத்தான் 2007இல் லினக்ஸ் 2.6.23இல், திறக்கும்போதே கொடியைப் போடும் ஓ_க்ளோஎக்ஸெக் (O_CLOEXEC) வந்தது. பைத்தான் 3.4 முதல், தான் திறக்கும் விவரிப்பிகளுக்கு இதை இயல்பாகவே போட்டுவிடுகிறது. சி-யில் நாம்தான் ஒவ்வொரு இடத்திலும் போட வேண்டும்.

சொல்லை வாக்கியத்தில் வைத்தும் பார்த்தேன். விவரிப்பியை நகலெடுக்கும் டியூப்2 (dup2) எடுக்கும் நகலில் இந்தக் கொடி இருக்காது, இல்லையா? ‘நகலுக்கு நிரல்மாற்ற மூடல் கிடையாது’ என்று எழுதினால் எங்கும் இடறவில்லை. ‘நகலுக்கு மரபுத்தடை கிடையாது’ என்றால், சி++ வகுப்புகளின் மரபுரிமையைப் (inheritance) பற்றிப் பேசுகிறோம் என்றுதான் மாணவர்கள் நினைப்பார்கள்.