போர்த்துகீசியம் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவ முடியுமா?

வணக்கம். ஆங்கிலச் சொற்களை உறவுள்ள சொற்களாகக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, போர்த்துகீசியத்தில் எழுதி வருகிறேன். பாதியில் நிற்கிறேன்.

விரலைக் குறிக்கும் சொல்லில் சிக்கல் இல்லை. ஆங்கிலத்தில் ஃபிங்கர், டோ என்று இரண்டு. போர்த்துகீசியத்தில் இரண்டும் 'தேதோ'தான். கால்விரலை 'தேதோ தோ பே' என்கிறார்கள். அப்படியே நம் கைவிரல், கால்விரல் மாதிரி! அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. கிளாக், வாட்ச் இரண்டுக்கும் 'ரெலோஜியோ' ஒன்றே போதும்.

சிக்கல் எதிர்ப்பக்கம். பிளே என்ற ஒரே சொல் மூன்றாக உடைகிறது: குழந்தை விளையாடினால் 'பிரிங்கார்', பந்தாட்டம் என்றால் 'ஜோகார்', இசைக்கருவி வாசித்தால் 'தோகார்'. இதுவாவது பிடிபட்டது. பார்ப்பதைக் குறிக்கும் லுக், சீ, வாட்ச் மூன்றையும்தான் பிரிக்க முடியவில்லை. 'ஓல்யார்', 'வேர்', 'அசிஸ்தீர்' என்று நேருக்கு நேர் போட்டுவிட்டேன். ஆனால் தொலைக்காட்சி பார்ப்பதற்கு 'வேர்' என்றும் சொல்கிறார்களே? பேச்சில் எது இயல்பு? பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் வழக்கு வேறுபடுமா?

அப்புறம் இன்னொன்று. பேருந்து பிரேசிலில் 'ஓனிபுஸ்', போர்ச்சுகலில் 'அவுத்தோகாரோ'. ரயிலும் அப்படியே, 'த்ரேம்', 'கொம்போயோ'. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதா, ஒரு நாட்டு வழக்கை மட்டும் வைத்துக்கொள்வதா? புதிதாகப் படிப்பவருக்குக் குழப்பம் வரக்கூடாது, அதுதான் என் கவலை.

அகராதி பார்த்துவிட்டேன். எனக்கு வேண்டியது பேசிப் பழகியவர்களின் வாக்கியங்கள். சொல்லுக்கு ஒன்று கிடைத்தாலும் போதும்.