இடப்பக்க வலி: குடல்வால் அழற்சியாக இருக்குமா?

கேள்வி: 40 வயதுக்காரர். இடது அடிவயிற்றில் வலி, காய்ச்சல், வெள்ளணு 15,000. ஆல்வராடோ மதிப்பெண் (குடல்வால் அழற்சிக்கான வாய்ப்பைக் கணிப்பது) குறைவு. டைவர்டிகுலைட்டிஸ் (பெருங்குடல் சுவரில் உள்ள சிறு பைகளின் அழற்சி) என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1: வேண்டாம் டாக்டர். ஆல்வராடோவில் வலி வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தால் 1, வலது அடிவயிற்றை அழுத்தி வலித்தால் 2. குடல்வால் இடப்பக்கம் இருந்தால் இந்த மூன்று மதிப்பெண்ணுமே போய்விடும். நரம்புவழி கான்ட்ராஸ்ட் கொடுத்து சிடி ஸ்கேன் எடுங்கள். முதலில் சீக்கம் (பெருங்குடலின் தொடக்கப் பை) எங்கே என்று தேடி, அங்கிருந்து குடல்வாலைத் தொடருங்கள். குடல்வாலின் விட்டம் 6 மி.மீ.க்கு மேல் இருந்து, சுற்றுக் கொழுப்பும் கலங்கியிருந்தால் அழற்சிதான்.

பதில் 2: சிடியில் மேல் மெசென்டரிக் நாளங்களையும் (குடலுக்கான பெரிய ரத்தக்குழாய்கள்) பாருங்கள். சிரை தமனிக்கு இடப்பக்கம் இருந்தால் குடல் சுழற்சிக் குறைபாட்டை (கருவிலேயே குடல் சரியாகச் சுழன்று இடத்தில் அமையாததை) சந்தேகியுங்கள். நாளங்கள் சரியாக இருந்தாலும் அந்தக் குறைபாட்டை விலக்கிவிட முடியாது. அதில் ஜெஜுனம் (சிறுகுடலின் நடுப்பகுதி) வலப்பக்கம் கிடக்கும். கல்லீரலே இடப்பக்கம் என்றால் சைட்டஸ் இன்வெர்சஸ் (உள்ளுறுப்புகள் இடம்வலம் மாறியிருப்பது).

கேட்டவர்: அறுவைக்கு?

பதில் 2: லேப்பராஸ்கோப்பி (சிறு துளைவழி கேமரா அறுவை). வழக்கமான மெக்பர்னி வெட்டில் (வலது அடிவயிற்றில் போடுவது) போனால் குடல்வால் கைக்கு எட்டாது.