பழைய டீசல் பிக்கப்பில் டர்போ போட்டவர்கள்: மறக்காத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

மேட்டுப்பாதை:
டர்போ (எக்ஸாஸ்ட் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) மாட்டியாயிற்று, பூஸ்ட், அதாவது அந்தக் காற்றின் அழுத்தம், 8 பிஎஸ்ஐ, எஞ்சினின் டீசல் பம்பில் டீசலும் கொஞ்சம் கூட்டியாயிற்று. அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், விடுங்கள். எனக்கு இன்னும் உறுத்துவது ஒரு ஏற்றம். பின்னால் முழு லோடு, நாலாவது கியர். டர்போ இல்லாத காலத்தில் இரண்டாவதுக்கு இறங்கி முனகிக்கொண்டு ஏறிய அதே இடம். இப்போது மிதித்தால் போகிறது. புகை இல்லை, தட்டல் சத்தம் இல்லை, தண்ணீர்ச் சூட்டு முள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. எக்ஸாஸ்ட் சூடு காட்டும் மீட்டர் மட்டும் 600, 650, 700 டிகிரி செல்சியஸ் என்று அவசரமே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. 720ஐத் தொட்டதும் மூன்றாவதுக்கு மாற்றினேன். ஆர்பிஎம் எகிறியது, முள் மடமடவென்று 600க்குக் கீழே வந்துவிட்டது.

வண்டி ஒரு அறிகுறியும் காட்டவில்லை என்பதுதான் விஷயம். அந்த மீட்டர் இல்லையென்றால், எஞ்சின் உள்ளே வேகுவது தெரியாமல் சந்தோஷமாக மேட்டின் உச்சிக்குப் போயிருப்பேன். பூஸ்ட் மீட்டர் மட்டும் வைத்து ஓட்டுகிறவர்கள் எந்தத் தைரியத்தில் ஓட்டுகிறார்கள்?

கிரீஸ்கை:
சூடாவது பரவாயில்லை அண்ணே, மீட்டரில் தெரியும். நான் பார்த்தது வேறு.

நண்பனுடைய பிக்கப். டர்போ புதிதாக மாட்டி வந்த வண்டி. பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம், ஐடிலில் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று தானாகவே ரேஸ் ஆக ஆரம்பித்தது. அவன் ஓடிப் போய்ச் சாவியைத் திருப்பி, உருவியே எடுத்துவிட்டான். எஞ்சின் நிற்கவில்லை. சாவி அவன் கையில், எஞ்சின் அலறுகிறது, நீலமும் வெள்ளையுமாகப் புகை, ஆளுக்கு ஆள் தெரியவில்லை. டீசல் எப்போதோ கட் ஆகிவிட்டது, ஓடுவது தன் சொந்த ஆயிலைக் குடித்து. டர்போவிலிருந்து சம்ப்புக்கு (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் இறங்கும் ஓஸ் ஒரு பிராக்கெட்டில் சிக்கி மடிந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. இறங்க வழியில்லாத ஆயில் சீலைத் தாண்டி இன்டேக் பக்கம், எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வழிக்கு, வந்துவிட்டது.

ஏர் ஃபில்டர் ஓஸைப் பிடுங்கி, வாயில் ஒரு மரப்பலகையை வைத்து அழுத்தினேன். காற்று நின்றதும்தான் அடங்கியது. கையை வைத்து மட்டும் மூடாதீர்கள், உறிஞ்சும் வேகம் அப்படி. க்ளட்ச் வண்டியாக இருந்தால் பிரேக்கை மிதித்து டாப் கியர் போட்டு க்ளட்சை விட்டும் நிறுத்தலாம். ஆனால் அந்தச் சத்தத்தில் உள்ளே ஏறி உட்கார யாருக்கு மனது வரும்?

ஸ்பேனர்19:
மேட்டுப்பாதை, 700 என்று சும்மா ஒரு எண்ணைப் போட்டால் எப்படி? சென்சார் டர்போவுக்கு முன்னால் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களிலிருந்து புகை வந்து சேரும் குழாய்) இருக்கிறதா, பின்னால் பைப்பில் இருக்கிறதா? லோடில் இரண்டுக்கும் 100 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரும். பின்னால் 700 என்றால் முன்னால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அலுமினியம் 660லேயே உருகும் என்று யாராவது வருவார்கள், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: எக்ஸாஸ்ட் 700 என்றால் பிஸ்டன் 700 இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் புதுக் காற்று வருகிறது, அடியில் ஆயில் படுகிறது. 700ஐக் கொஞ்ச நேரம் தொடலாம், அங்கேயே குடியிருக்கக் கூடாது.

என் வண்டியில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒருமுறை ஓஸ் கழன்றது, மாட்டினேன், அவ்வளவுதான்.

போடப் போகிறவர்களுக்குச் சில விஷயம். டர்போ இல்லாமல் பிறந்த எஞ்சினும் டர்போவோடு பிறந்த எஞ்சினும் ஒன்றல்ல. டொயோட்டாவின் 4.2 லிட்டர் எஞ்சின்கள் 1எச்இசட்டையும் 1எச்டி-டியையும் பாருங்கள். முன்னதில் கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டரில் காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 22.4, டீசல் முன்னறையில் எரியும். டர்போ வந்த பின்னதில் 18.6, டீசல் நேராகப் பிஸ்டன் மேலேயே. ஃபோர்டின் 7.3 லிட்டர் ஐடிஐ (இதுவும் முன்னறை டீசல்தான்) எஞ்சினுக்கு 1993ல் தொழிற்சாலையிலேயே டர்போ வைத்தபோது, பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின்னைத் தடிமனாக்கித்தான் வைத்தார்கள். நாம் அதெல்லாம் செய்யாமல் மேலே ஒரு டர்போவை மட்டும் உட்கார வைக்கிறோம். அதனால் 7, 8 பிஎஸ்ஐயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆயில் ரிட்டர்ன் பைப் வழி முழுக்கச் சரிந்தே இறங்க வேண்டும், சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். பழைய எஞ்சினில் பிளோ-பை, அதாவது பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் புகை, அதிகம் இருந்தால் கிராங்க் கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு) அழுத்தமே ஆயிலை இறங்க விடாது. அப்போது ஓஸ் எவ்வளவு நேராக இருந்தாலும் கிரீஸ்கை சொன்ன கதைதான். அப்புறம், முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் இருக்க, பம்பில் டீசலைத் திறந்து மூடும் ஸ்டாப் சோலனாய்டு வயரைக் கழற்றிவிட்டு, டர்போவுக்கு ஆயில் வரும்வரை ஸ்டார்ட்டரில் கிராங்க் அடியுங்கள். காய்ந்த பேரிங்கில் சுற்ற விட்டால் அங்கேயே ஆயுள் குறைந்துவிடும். சைலன்சர் பைப்பையும் பெரிதாக்குங்கள். டீசலைக் கூட்டாமல் டர்போ போடுவது வீண் வேலை.

நாலுசிலிண்டர்:
கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். டீசலைக் கூட்டும் பம்ப் ஸ்க்ரூவை நான் தொடவே இல்லை. பழைய வண்டி, மிதித்தால் கறுப்பாகத் தள்ளும். டர்போ மாட்டிய பிறகு முதல் தடவை வெளியே எடுத்தேன், ஒரு சின்ன மேட்டில் வழக்கம்போல அழுத்தினேன். பழக்கத்தில் கண்ணாடியைப் பார்க்கிறேன், பின்னால் பைக்கில் வந்தவர் முகம் தெரிகிறது! மீசை வரைக்கும் தெரிந்தது. அதுவரை அந்தக் கண்ணாடியில் மேட்டில் நான் பார்த்ததெல்லாம் கரிதான். காற்றுப் பற்றாமல் கறுப்பாக வெளியே போன டீசல் இப்போது உள்ளேயே எரிகிறது. அதிலேயே இழுவையும் கொஞ்சம் கூடியது, சூடும் குறைந்தது. இது வீண் வேலையா?

ஸ்பேனர்19:
அப்படியென்றால் உங்கள் பம்ப் ஏற்கெனவே அதிகமாக டீசல் விட்டுக்கொண்டிருந்தது என்று அர்த்தம். இல்லையென்றால் டீசலைப் பீய்ச்சும் நாசில் தேய்ந்திருக்கும். முதலில் நாசிலை டெஸ்ட் செய்யுங்கள்.

நாலுசிலிண்டர்:
நாசில் டெஸ்ட் செய்த பிறகுதான் டர்போவே போட்டேன். நான் கேட்டேனா?

மேட்டுப்பாதை:
சென்சார் மேனிஃபோல்டில்தான், டர்போவுக்கு முன்னால். கிரீஸ்கை, அந்த வண்டி எஞ்சின் தப்பித்ததா?

கிரீஸ்கை:
இல்லை, பிஸ்டனைத் தாங்கும் ராடு ஒன்று வளைந்திருந்தது. டர்போவுக்கு ஒன்றும் ஆகவில்லை, கழற்றி வேறு எஞ்சினில் போட்டிருக்கிறான்.