புதுப்பிப்பு: கல்லடியிலிருந்து கனடாவுக்குக் கைதட்டுகிறேன்

2022 பெய்ஜிங் வரை எந்தக் குளிர்கால ஒலிம்பிக்கிலும் இலங்கை அணி இறங்கியதில்லை. மட்டக்களப்பு வெயிலில் இருப்பவன் யாரை ஆதரிப்பது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பலர் கனடா என்றீர்கள். ஒருவர் இந்தியா என்றார்.

கனடாதான். அக்கா குடும்பம் டொரொன்டோவில் இருக்கிறது. மருமகன் வேறு அணியை ஆதரிக்க விடமாட்டான். பெண்கள் ஐஸ் ஹாக்கியின் பழைய ஒலிம்பிக் இறுதிப் போட்டிகளை அவன் சொன்ன வரிசையில் பார்த்தேன். கனடா வீராங்கனை மரி-பிலிப் பூலன் என்ன பிறவியோ! 2010 வான்கூவரில் கனடா அமெரிக்காவை 2-0 என்று வென்றபோது இரண்டு கோலும் அவருடையவை. 2014 சோச்சியில் ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லாதபோது சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் வெற்றி கோலையும் அடித்தார். 2018இல் அவர் கோல் அடித்தும் அமெரிக்கா வென்றது. பெய்ஜிங்கில் கனடா 3-2 என்று வென்றது, அதிலும் இரண்டு அவருடையவை. தவறு செய்தவரை இரண்டு நிமிடம் பெட்டிக்குள் உட்காரவைக்கும் விதி எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. நம் கிரிக்கெட்டிலும் சிலரை அப்படி உட்காரவைக்கலாம்.

இந்தியா என்றவரையும் மறக்கவில்லை. பெய்ஜிங்கில் இந்தியாவுக்காக ஆரிஃப் கான் தனி ஆளாகப் பனிச்சறுக்கினார். நட்ட கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து சரிவில் இறங்கும் ஜயன்ட் ஸ்லாலமில் 45ஆம் இடம். அவருக்கும் கைதட்டினேன்.

பனிக்கட்டித் தளத்தில் கல்லைச் சறுக்கவிடும் கர்லிங் ஆட்டம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. கல்லுக்கு முன்னால் ஏன் அப்படித் தேய்க்கிறார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.